பலாக்கொட்டையும் புற்றணுவின் முகமூடியும்

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள குற்றாலநாதர் கோயிலின் தலமரம் பலா. அந்த மரத்தின் பெயராலேயே இத்தலத்திற்குக் குறும்பலா என்ற பெயரும் வழங்குகிறது. திருஞானசம்பந்தர் குறும்பலாவுக்கென்றே தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். சாரல் காலத்தில் அருவியில் நீராடச் செல்வோர் பலாச்சுளை வாங்கி உண்ணாமல் திரும்புவது அரிது. சுளையைத் தின்றபின் எஞ்சும் கொட்டையையும் நாம் வீணாக்குவதில்லை. சுட்டுத் தின்கிறோம், அவித்துத் தின்கிறோம், குழம்பிலும் போடுகிறோம்.

இந்தக் கொட்டைக்குள் ஒரு புரதம் இருக்கிறது. புற்றுநோய் அணுக்களின் மேற்பரப்பில் காணப்படும் ஒரு சர்க்கரைக் குறியை அது இனம் கண்டு பற்றிக்கொள்ளும். உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இன்று இதனைப் பயன்படுத்துகின்றன. 'அப்படியானால் பலாக்கொட்டை தின்றால் புற்றுநோய் குணமாகுமா?' என்று உடனே கேட்கத் தோன்றும். ஆகாது. ஏன் ஆகாது என்பதையும் பிறகு காண்போம். அதற்குமுன், ஆமணக்கு, குன்றிமணி, காணம், நிலக்கடலை, பலா என நம் ஊர்ப்பக்கம் காணும் விதைகள், புற்றணு நம் உடலை ஏமாற்றும் வித்தையை மனிதன் அறிந்துகொள்ள எப்படி உதவின என்ற வரலாற்றைப் பார்ப்போம்.

உயிரணுவின் மேலாடை

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. அந்தச் சவ்வில் புரதங்களும் கொழுப்புப் பொருள்களும் பதிந்துள்ளன. அவற்றின்மேல் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகவும் கிளை கிளையாகவும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பலாப்பழத்தின் தோலில் முட்கள் நிறைந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணுவின் புறத்தோற்றமும் ஏறக்குறைய அப்படித்தான்.

இங்கே சர்க்கரை என்றதும் தேநீரில் போடும் சர்க்கரையை எண்ணிவிடக் கூடாது. வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். குளுக்கோஸ், காலக்டோஸ், மானோஸ், ஃபியூக்கோஸ், சியாலிக் அமிலம் முதலியன அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. உயிரணு தனக்கு வேண்டிய இச்சங்கிலிகளைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்கிறது. சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல, சில சர்க்கரைகளைக் கொண்டு எண்ணற்ற சங்கிலிகளை ஆக்கலாம். கல்லீரல் அணுவின் சங்கிலி வேறு, குடல் அணுவின் சங்கிலி வேறு. நல்ல அணுவின் சங்கிலி வேறு, புற்றணுவின் சங்கிலி வேறு.

இந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் தெரியமாட்டா. பின் எப்படி மனிதன் அவற்றைப் படிக்கக் கற்றான்? விதைகள் கற்றுக்கொடுத்தன.

ஆமணக்கும் குன்றிமணியும்

ஆமணக்குப் புண்ணாக்கை நம் உழவர்கள் உரமாக இடுவார்கள், மாட்டுக்கு வைக்கமாட்டார்கள். எண்ணெய் பிழிந்தபின் நஞ்சு சக்கையில் தங்கிவிடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அந்த நஞ்சை 1888ஆம் ஆண்டில் ஸ்டில்மார்க் என்ற மாணவர் தம் பட்ட ஆய்வுக்காக எடுத்துக்கொண்டார். அவர் படித்தது டோர்ப்பாட் பல்கலைக்கழகத்தில். அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று டார்ட்டு என்ற பெயரில் எஸ்தோனியாவில் இருக்கிறது. ஆமணக்கு விதையிலிருந்து பிரித்த புரதத்தைக் குருதியில் கலந்தபோது, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டன. அப்புரதத்திற்கு ரிசின் என்று பெயர். சில ஆண்டுகளுக்குள் அதே பல்கலைக்கழகத்தில் ஹெலின் என்பவர் குன்றிமணியிலும் இத்தகைய நச்சுப் புரதம் இருப்பதைக் கண்டார். அது அப்ரின் எனப்பட்டது. நம் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுக்கப் பயன்படுத்திய அதே குன்றிமணிதான்.

இவ்விரு நஞ்சுகளையும் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் கையில் எடுத்தபோது, நோய்த் தடுப்பியல் என்ற துறைக்கே புதிய வழி பிறந்தது. 1891ஆம் ஆண்டில் அவர் எலிகளுக்கு மிகச் சிறு அளவில் ரிசினைக் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சென்றார். பிற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சையும் அந்த எலிகள் தாங்கிக்கொண்டன. அவற்றின் குருதியில் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. ஆனால் ரிசினைத் தாங்கிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. அப்ரினைத் தாங்கிய எலி ரிசினைத் தாங்கவில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு தனிச் சாவி இருப்பதுபோல, ஒவ்வோர் அயற்பொருளுக்கும் ஒரு தனி எதிர்ப்பொருள் உண்டு என்பது இதனால் விளங்கிற்று.

அதே எர்லிக் 1909ஆம் ஆண்டில் மற்றொரு கருத்தையும் வெளியிட்டார். நம் உடலில் அவ்வப்போது புற்றணுக்கள் தோன்றிக்கொண்டே இருக்கலாம். நோய்த் தடுப்பாற்றல் அவற்றைக் கண்டு அழித்துவிடுவதால்தான் நம்மில் பெரும்பாலோர் தப்புகிறோம் என்றார் அவர். அப்படியானால் சில புற்றணுக்கள் மட்டும் காவலர் கண்ணுக்குத் தப்புவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண நூறாண்டு ஆயிற்று.

காணம் காட்டிய வேறுபாடு

விதைப் புரதம் சிவப்பணுவில் எதைப் பற்றுகிறது? 1936ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் ஜேம்ஸ் சம்னர் இதற்கு ஒரு குறிப்புக் கொடுத்தார். ஒருவகை வாளவரையிலிருந்து தாம் 1919இல் பிரித்தெடுத்த புரதத்தைக் கொண்டு அவர் சோதனை செய்தார். சிவப்பணுக்கள் திரண்டன. அதில் கரும்புச் சர்க்கரையைக் கலந்தால் அவை திரளவில்லை. கலந்த சர்க்கரை புரதத்தின் கைகளை நிரப்பிவிட்டதால், அணுக்களைப் பற்ற அதற்குக் கை இல்லாமற் போயிற்று. எனவே அப்புரதம் அணுவின்மேல் பற்றுவதும் சர்க்கரையைத்தான் என்பது புலனாயிற்று.

இதற்கிடையே, 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதியில் வகைகள் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். ஏ வகைக்கும் பி வகைக்கும் என்ன வேறுபாடு? மார்கன், வாட்கின்ஸ் என்ற இரு லண்டன் ஆய்வாளர்கள் 1950களில் விடை கண்டனர். சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் ஒரே ஒரு சர்க்கரை மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்த ஒரு சர்க்கரையைத் தவறாகக் கணித்து வேறு வகைக் குருதியை ஏற்றினால் நோயாளி இறந்துபோகக்கூடும். நம் உடல் சர்க்கரை எழுத்துகளை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விதைகளும் அதே நுணுக்கத்துடன் படித்தன. 1940களில் பாஸ்டனில் வில்லியம் பாய்டும் ஹெல்சிங்கியில் ரெங்கோனனும் சில அவரை வகைகள் ஏ வகைக் குருதியை மட்டும் திரளச் செய்வதைக் கண்டனர். அடுத்து வந்த கண்டுபிடிப்பு இந்தியாவில் நிகழ்ந்தது. பூனாவிலிருந்த ராணுவ மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் பேர்டு என்ற மருத்துவர் பணியாற்றிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் காணம் என்றும் பிற பகுதிகளில் கொள்ளு என்றும் சொல்கிறோமே, அதன் சாறு ஏ வகைக்குள்ளேயே உள்ள உட்பிரிவுகளைப் பிரித்துக் காட்டும் என்று 1951இல் அவர் வெளியிட்டார். குருதி வங்கிகளில் அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. 1954ஆம் ஆண்டில் பாய்டு இப்புரதங்களுக்கு லெக்டின் என்று பெயரிட்டார். 'தேர்ந்தெடு' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பல சர்க்கரைகளுக்கிடையே தனக்குரியதை மட்டும் தேர்ந்தெடுப்பதால் இப்பெயர் மிகப் பொருத்தமானது.

கோபன்ஹேகனில் கெட்டுப்போன குருதி

இப்போது சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1920களில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில் ஒரு விந்தை நேர்ந்தது. சேமித்து வைத்த குருதி சில வேளைகளில் எந்த மனிதருடைய ஊநீரைச் சேர்த்தாலும் திரண்டுவிட்டது. அக்குருதிக்குரியவரின் சொந்த ஊநீரைச் சேர்த்தாலுங்கூடத் திரண்டது! டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓலுஃப் தாம்சன் இதனை ஆராய்ந்து, குருதியில் புகுந்த நுண்கிருமிகளே காரணம் என்று காட்டினார். அவருடன் பணியாற்றிய ஃப்ரீடன்ரைக் 1930ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கிருமிகளின் செயலால் சிவப்பணுவில் இதுவரை மறைந்திருந்த ஒரு குறி வெளிப்படுகிறது. அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் எல்லா மனிதர் குருதியிலும் ஏற்கெனவே உள்ளது என்று அவர் விளக்கினார். அந்தக் குறிக்கு 'டி' என்று பெயர் வழங்கலாயிற்று.

டி குறியை மறைத்திருந்தது எது? சுவீடன் நாட்டு குன்னர் பிலிக்ஸ் 1936ஆம் ஆண்டில் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புது அமிலச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் சியாலிக் அமிலம் என்ற பெயர் அமைந்தது. 1940களில் ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட்டும் அவருடன் பணியாற்றியோரும், காலராக் கிருமி சுரக்கும் ஒரு நொதி உயிரணுக்களின் மேலிருந்து எதையோ வெட்டி நீக்குகிறது என்று கண்டனர். அது வெட்டியெடுப்பது சியாலிக் அமிலத்தையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உயிரணுச் சங்கிலிகளின் நுனியில் தொப்பிபோல் அமர்ந்திருப்பது சியாலிக் அமிலம். அந்தத் தொப்பியை நொதி கழற்றினால், அடியிலுள்ள டி குறி வெளியே தெரியும். கோபன்ஹேகன் விந்தைக்கு இதுவே விளக்கம்.

டி குறி என்பது இரண்டே சர்க்கரைகள் இணைந்த ஒரு சிறு துண்டு. காலக்டோஸ் ஒன்று, காலக்டோசின் உறவான அசெட்டைல் காலக்டோசமைன் மற்றொன்று. இவ்வளவு எளிய ஒரு குறியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் நமக்கு எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் ஸ்பிரிங்கர் என்பவர் 1959ஆம் ஆண்டில் கிருமிகளே இல்லாத சூழலில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார். சாதாரணக் குஞ்சுகளிடம் மனிதனின் பி வகைக் குருதிக்கு எதிர்ப்பொருள் தானாகவே தோன்றும். கிருமியற்ற குஞ்சுகளிடம் அது தோன்றவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மேலும் இத்தகைய சர்க்கரைக் குறிகள் உண்டு. அவற்றைக் கண்டு பழகியே நம் உடல் இந்த எதிர்ப்பொருள்களை ஆக்கிக்கொள்கிறது.

புற்றணுவின் அரைகுறைச் சங்கிலி

புற்றணுவின் மேற்பரப்பு மாறுபட்டது என்ற செய்தியும் விதைகள் வழியாகவே கிடைத்தது. அமெரிக்காவில் ஜோசப் ஆப் என்ற மருத்துவர் 1963இல் கோதுமை முளையிலிருந்து எடுத்த ஒரு நொதியைப் புற்றணுக்களில் சேர்த்தார். புற்றணுக்கள் திரண்டன, நல்ல அணுக்கள் அவ்வாறு திரளவில்லை. நொதிதான் காரணம் என்று முதலில் எண்ணினர். அந்நொதியுடன் கலந்திருந்த ஒரு லெக்டினே காரணம் என்று பிறகு கண்டுகொண்டனர். புற்றணுவின் சர்க்கரைப் போர்வை மாறியிருக்கிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

எவ்வாறு மாறியிருக்கிறது? ஸ்பிரிங்கர் 1970களில் மார்பகப் புற்றுநோய்த் திசுக்களை ஆராய்ந்தார். கோபன்ஹேகன் குருதியில் கிருமிகளால் வெளிப்பட்ட அதே டி குறி, இத்திசுக்களில் கிருமியின் வேலை எதுவுமின்றித் தானே வெளிப்பட்டிருந்தது! அதைவிடச் சிறியதான, ஒரே சர்க்கரையால் ஆன 'டிஎன்' குறியும் இருந்தது. உறுப்புகளின் உட்பரப்பில் தோன்றும் புற்றுகள் பலவற்றுக்கும் இவை பொது அடையாளங்கள் என்று 1984ஆம் ஆண்டில் அவர் எழுதினார். நல்ல அணு தன் சங்கிலிகளை முழு நீளத்திற்குக் கட்டி முடிக்கிறது. புற்றணுவிலோ அவ்வேலை பாதியில் நின்றுவிடுகிறது. கட்டி முடியாத வீட்டின் செங்கல் வெளியே தெரிவதுபோல, உள்ளே இருக்கவேண்டிய குறி வெளியே தெரிகிறது.

பலாக்கொட்டை ஆய்வுக்கூடத்தில்

டி குறியைத் தேடிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும் அல்லவா? காணத்தை ஆராய்ந்த அதே பேர்டு 1964ஆம் ஆண்டில் நிலக்கடலையில் டி குறியைப் பற்றும் லெக்டின் இருப்பதைக் கண்டார். அடுத்துப் பலாவின் முறை வந்தது.

பலா நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்குரிய மரம். கடல் கடந்து பிரேசில் நாட்டிலும் அது பரவி வளர்கிறது. 1981ஆம் ஆண்டில் பிரேசில் ஆய்வாளர்கள், பலாக்கொட்டைச் சாறு மனித வெள்ளையணுக்களைத் தூண்டும் ஆற்றல் உடையது என்று வெளியிட்டனர். குற்றாலத்திற்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த சுரேஷ்குமார், அப்புக்குட்டன், பாசு ஆகியோர் 1982ஆம் ஆண்டில் பலாக்கொட்டை லெக்டினைப் பிரித்தெடுத்து, அது காலக்டோசைப் பற்றுவது என்று காட்டினர். 1985இல் பிரேசிலார் அதற்கு ஜாக்கலின் என்று பெயரிட்டனர். 1986ஆம் ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவதேஷ் சுரோலியாவும் அவர் குழுவினரும் பலவகைச் சர்க்கரைகளை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்து, ஜாக்கலின் மிக விரும்பிப் பற்றுவது டி குறியையே என்று நிறுவினர்.

பற்றுகிறது என்பது சரி, எப்படிப் பற்றுகிறது? இதற்கு அப்புரதத்தின் உருவத்தையே காணவேண்டும். அதே கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொல்லாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்டு புகழ்பெற்ற ஜி. என். இராமச்சந்திரன் பின்னர்ப் பெங்களூரு சென்று தொடங்கிய பிரிவு அது. அங்கே எம். விஜயன் குழுவினர் ஜாக்கலினைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் வடிவத்தை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நான்கு துணைப் பகுதிகள் கூடிய புரதம் அது. ஒவ்வொன்றும் மூன்று பக்கங்கள் கொண்ட பட்டகம்போல் மடிந்திருந்தது. லெக்டின்களில் அதுவரை காணாத அமைப்பு அது.

அதில் ஒரு நுட்பத்தையும் கண்டனர். ஜாக்கலின் முதலில் ஒரே நீளச் சங்கிலியாக உருவாகிறது. பிறகு அது வெட்டப்பட்டு, 133 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீண்ட சங்கிலியும் 20 கொண்ட ஒரு குறுஞ்சங்கிலியும் ஆகிறது. இவ்வெட்டினால் தோன்றும் புதிய முனைதான் காலக்டோசை இறுகப் பிடிக்கிறது. பூட்டுக்கேற்பச் சாவியை அராவுவதுபோல, விதைக்குள்ளேயே இவ்வேலை நடந்துவிடுகிறது.

நிலக்கடலை லெக்டினுக்கும் பலா லெக்டினுக்கும் ஒரு பயனுள்ள வேறுபாடு உண்டு. டி குறியின் காலக்டோஸ்மேல் சியாலிக் அமிலத் தொப்பி இருந்தால், நிலக்கடலை லெக்டினுக்கு அது தெரியாது. ஜாக்கலினோ அத்தகைய தொப்பி இருந்தாலும் பற்றிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினால், குறி இருக்கிறதா, இருந்தால் மறைந்திருக்கிறதா என்று இரண்டையும் அறியலாம். இந்த மறைப்புதான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

முகமூடியின் சூழ்ச்சி

டி குறிக்கு எதிர்ப்பொருள் நம் எல்லோரிடமும் உண்டு. புற்றணுவில் டி குறி வெளிப்பட்டுள்ளது. அப்படியிருக்க, புற்றணு அழிந்துபோகவேண்டும் அல்லவா? அழிவதில்லையே! காரணம், புற்றணுக்கள் பல, தம் மேற்பரப்பில் சியாலிக் அமிலத்தை மிகுதியாகப் பூசிக்கொள்கின்றன. அரைகுறைச் சங்கிலிகளுக்கும் அவசரமாகத் தொப்பி போட்டுவிடுகின்றன.

1960களின் பிற்பகுதியில் ஆய்வாளர் சிலர், காலராக் கிருமியின் நொதியால் இத்தொப்பிகளைக் கழற்றிய புற்றணுக்களை எலிகளுக்குச் செலுத்தினர். எலிகளின் உடல் அவற்றை முன்னைவிட நன்றாக எதிர்த்தது. 1971ஆம் ஆண்டில் சிம்மன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், இம்முறையால் எலிகளில் வளர்ந்துகொண்டிருந்த கட்டிகளும் சுருங்கக் கண்டார். பெரும் நம்பிக்கை பிறந்தது. குருதிப் புற்றுநோயாளிகளுக்கு இம்முறையைக் கையாண்டு பார்த்தனர். ஆனால் எலியிடம் கிடைத்த வெற்றி மனிதரிடம் நிலைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்துறை பெரிதும் முடங்கிக் கிடந்தது.

சியாலிக் அமிலம் வெறும் திரை என்றே அன்று எண்ணினர். அது திரை மட்டுமன்று. ஒரு செய்தியும்கூட என்பது பிறகே தெரிந்தது. நம் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலத்தைப் பற்றும் புரதங்கள் சில உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, பின்னர் கலிஃபோர்னியாவில் ஆய்வு மேற்கொண்ட அஜித் வர்க்கி, ஆக்ஸ்ஃபோர்டில் தம் ஆய்வைத் தொடங்கிய பால் குரோக்கர் முதலியோர் 1980களிலும் 1990களிலும் இவற்றை ஆராய்ந்தனர். 1998ஆம் ஆண்டில் இக்குடும்பத்திற்குச் சிக்லெக் என்ற பெயர் சூட்டப்பட்டது. பெயரின் கடைசிப் பகுதி லெக்டினைக் குறிக்கும். ஆம், விதைகளில் நாம் கண்ட அதே வித்தை நம் வெள்ளையணுக்களிலும் இருக்கிறது!

சிக்லெக்குகளின் வேலை என்ன? நம் நல்ல அணுக்கள் எல்லாம் சியாலிக் அமிலம் அணிந்தவை. பெரும்பாலான நுண்கிருமிகளிடம் அது இல்லை. வெள்ளையணு ஓர் அணுவை நெருங்கும்போது, அதன் சிக்லெக் சியாலிக் அமிலத்தைத் தொட்டால், 'இவன் நம்மவன், தாக்காதே' என்ற குறிப்பு வெள்ளையணுவுக்குள் செல்கிறது. நம் உடலை நாமே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. புற்றணு இந்த ஏற்பாட்டைத் திருடிக்கொள்கிறது. சியாலிக் அமிலத்தை அளவுக்கு மீறிப் பூசிக்கொண்டு, கொல்ல வந்த வெள்ளையணுவின் கையைக் கட்டிவிடுகிறது. 2014ஆம் ஆண்டில் சான்டியாகோவில் வர்க்கியின் குழு, சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரக் குழு, பெர்க்லியில் கரோலின் பெர்டோசியின் குழு ஆகிய மூன்றும் இதைத் தனித்தனியே சோதனைகளால் காட்டின. எர்லிக் 1909இல் எழுப்பிய கேள்விக்கு ஒரு பகுதி விடை இவ்வாறு கிடைத்தது.

இனி என்ன?

'அந்த நொதியை ஊசிமூலம் உடலில் ஏற்றி எல்லாத் தொப்பிகளையும் கழற்றிவிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். கோபன்ஹேகன் குருதியை நினைத்துப் பாருங்கள். நல்ல சிவப்பணுவின் தொப்பியும் கழன்றால், நம் எதிர்ப்பொருள்களே அதன்மேல் பாயும். தொப்பி இழந்த சிவப்பணுக்களை உடல் விரைவில் அகற்றிவிடும். நல்லவனின் தொப்பியைத் தொடாமல் திருடனின் முகமூடியை மட்டும் கழற்றவேண்டும். அதுதான் சிக்கல்.

2016ஆம் ஆண்டில் பெர்டோசியின் குழு ஒரு வழி கண்டது. மார்பகப் புற்றணுவைத் தேடிச் சென்று பற்றும் எதிர்ப்பொருள் மருந்து ஒன்று முன்பே வழக்கில் இருந்தது. அதன் முதுகில் தொப்பி கழற்றும் நொதியை ஏற்றிவிட்டனர். ஆய்வுக்கூடத்தில் அது புற்றணுவை அடைந்து, அங்குள்ள சியாலிக் அமிலத்தை வெட்டியது. வெள்ளையணுக்கள் அப்புற்றணுவை முன்னைவிட நன்றாகக் கொன்றன. 2020இல் எலிகளிடமும் பயன் தெரிந்தது. சியாலிக் அமிலத்தை வெட்டும் மருந்து ஒன்றை மனிதரிடம் சோதிக்கும் முதற்கட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதே ஆண்டில் பெர்டோசிக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உயிருள்ள அணுக்களின் சர்க்கரைகளைக் காணவேண்டும் என்பதற்காக அவர் வகுத்த வேதியியல் முறைக்கே அப்பரிசு. சிகிச்சையோ இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. எலியிடம் வென்று மனிதரிடம் தோற்ற 1970களின் பாடத்தை ஆய்வாளர்கள் மறந்துவிடவில்லை.

இறுதியாக, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பலாக்கொட்டை தின்றால் ஏன் புற்றுநோய் குணமாகாது? ஜாக்கலின் ஒரு புரதம். கொட்டையை வேகவைக்கும்போது, முட்டை வெண்கரு சூட்டில் கட்டிப்படுவதுபோல், புரதத்தின் உருவம் குலைகிறது. உருவம் குலைந்தால் பற்றும் திறனும் போய்விடும். பச்சையாகத் தின்றாலும் அது குடலைக் கடந்து, எங்கோ உள்ள கட்டியைத் தேடிச் செல்லும் என்பதற்குச் சான்றில்லை. மேலும் ஜாக்கலின் டி குறியை நல்ல அணுக்களின் சங்கிலிகளிலும் தொப்பிக்கு அடியில் கண்டு பற்றக்கூடியது. எனவே அது ஆய்வாளர் கையில் ஒரு நல்ல அளவுகோல். நோயாளிக்கு மருந்து அன்று. குன்றிமணியோ உயிரையே பறிக்கும் நஞ்சு. மருந்தென்று யார் சொன்னாலும் அதை வாயில் இடக் கூடாது. அதேபோல், இக்கட்டுரையில் பலமுறை வந்த சர்க்கரை என்ற சொல்லைக் கொண்டு, இனிப்பை நிறுத்தினால் புற்றணு தன் போர்வையை இழந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். அப்போர்வைக்கு வேண்டிய சர்க்கரைகளை அணு தானே ஆக்கிக்கொள்கிறது.

ஆறாத புண், மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு முதலியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்வதே செய்யவேண்டியது. கைமருந்தை நம்பி இழக்கும் மாதங்கள் திரும்பி வரமாட்டா. தொடக்கத்தில் கண்ட புற்றைக் குணப்படுத்த வழிகள் பல இருக்கின்றன. முற்றியபின் அவ்வழிகள் குறைந்துவிடுகின்றன.

அடுத்த முறை குற்றாலத்திலோ, உங்கள் வீட்டிலோ பலாச்சுளை உண்ணும்போது, அந்தக் கொட்டையை ஒரு கணம் கையில் வைத்துப் பாருங்கள். இரண்டே சர்க்கரைகளால் ஆன ஒரு சிறு குறியைக் கோடிக்கணக்கான குறிகளுக்கிடையே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அதற்குள் இருக்கிறது. அந்த ஆற்றலைத் துணைக்கொண்டு புற்றணுவின் சர்க்கரை எழுத்தை மனிதன் படிக்கக் கற்றுவிட்டான். படித்ததைக் கொண்டு நோயை வெல்லும் வேலை எஞ்சியிருக்கிறது. இதைப் படிக்கும் மாணவர்களே, அது உங்கள் தலைமுறைக்கு உரிய வேலை.